கேள்வி–பதில்: பனியனில் எந்தக் கிரேக்கச் சொல்?

சென்ற இதழில், டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியத் காவியத்தைப் பற்றிய ஒரு பதிலில் 'சோர்வறியாத நெருப்பு' என்ற தொடரைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு பல கடிதங்கள் வந்துவிட்டன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை அந்த ஒரு சொல்லுக்கே இடம் கொடுக்கிறேன். ரீயூனியன் தீவின் சேன் அந்த்ரேயில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேக்கமும் இலத்தீனும் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க என் மனத்தில் உட்கார்ந்திருந்த சொல் அது.

கேள்வி: என் மகன் வரும் அக்டோபரில் கிரான் ரெய்டு என்ற நெடுந்தூர மலையோட்டத்தில் ஓடப்போகிறான். அவனும் நண்பர்களும் ஒரே மாதிரி பனியன் அச்சடிக்கிறார்கள். முதுகில் 'சோர்வறியாதவன்' என்று பழைய கிரேக்கத்தில் போட வேண்டுமாம். 'அக்கமத்தோஸ்' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அது சரியான சொல்தானா? — ஒரு தாய், சேன் பியேர்

சொல் சரிதான் அம்மா. முன்னால் உள்ள 'அ' எதிர்மறை. 'கமத்தோஸ்' என்றால் உழைப்பு, உழைப்பினால் வரும் களைப்பு. இரண்டும் சேர்ந்தால் களைப்பில்லாத, சோராத என்று பொருள். (கிரேக்கத்தில் இந்தச் சொல்லில் எந்த மெய்யும் இரட்டிப்பதில்லை. தமிழில் படிக்கும்போது வல்லோசை வரட்டும் என்றுதான் இரட்டித்து எழுதுகிறேன்.) ஆனால் ஓடப்போகிற பிள்ளையின் முதுகில் அதைப் போடலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஹோமர் இந்த அடைமொழியை யாருக்குக் கொடுக்கிறார் என்று பாருங்கள். 'அக்கமத்தோஸ்' அவரிடம் நெருப்புக்கு மட்டுமே வருகிறது. கிரேக்க வீரன் தியோமீதிஸின் தலைக்கவசத்திலும் கேடயத்திலும் அதீனா தேவி மூட்டுகிற நெருப்பு அது. நண்பன் பட்ரோக்ளஸை இழந்த அகிலிஸ் அகழிக்கரையில் வந்து நிற்கும்போது அவன் தலைக்கு மேல் எரிந்து, எதிரித் தேரோட்டிகளைக் கதிகலங்க வைக்கும் நெருப்பும் அதுதான். பட்ரோக்ளஸின் சிதையில் எரிவதும் அதுவே. ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில், ஒடிசியஸின் அரண்மனையில் விடியற்காலையில் வேலைக்காரப் பெண்கள் அடுப்பில் மூட்டுகிற சாதாரணத் தீக்குக்கூட அதே பெயர். இதற்கு 'அக்கமாஸ்' என்று ஓர் உடன்பிறப்புச் சொல் உண்டு. அது சூரியனுக்கும், ஸ்பெர்கியோஸ் என்ற ஆற்றுக்கும், ஒரு காட்டுப்பன்றிக்கும் வருகிறது.

ஹோமரை விட்டு வெளியே போனாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. ஹெசியொத் என்ற பழங்கவிஞரிடம் வானத்தைத் தாங்கும் அத்லஸின் கைகள் சோராதவை. தூஃபோன் என்ற பூதத்தின் கால்களும் அப்படியே. கலைத்தேவியரின் வாயிலிருந்து வழிகிற இனிய குரலும் சோராதது. தத்துவ அறிஞர் எம்பெதொக்லிஸ் காற்றைச் சொல்கிறார். கவிஞர் பிந்தார், ஒலிம்பியாவில் வென்ற குதிரைகளுக்கும் இடிக்கும் 'சோராத கால்களை உடைய' என்று ஒரு நீண்ட கூட்டுச்சொல்லையே செய்து கொடுக்கிறார். இந்த வரிசையில் நெருப்பு, வெயில், ஆறு, காற்று, இடி, தெய்வம், பூதம், விலங்கு எல்லாம் இருக்கின்றன. நம்மைப் போல் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற மனிதன்தான் இல்லை.

மனிதனுக்கு ஹோமர் கொடுப்பது அதே வேரிலிருந்து வரும் வினைச்சொல்லை: 'கம்னோ'. பாடுபடுகிறேன், களைக்கிறேன், நோய்ப்படுகிறேன் என்று மூன்றும் அதற்குள் அடங்கும். இலியத்தின் பதினாறாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராய் வீரன் ஹெக்டரும் அவன் ஆட்களும் கிரேக்கக் கப்பல்களுக்குத் தீவைக்க நெருங்கிவிட்டார்கள். கிரேக்க வீரன் அஜாக்ஸ் தனியாக நின்று தடுக்கிறான். கேடயத்தைப் பிடித்துப் பிடித்து அவனுடைய இடது தோள் களைத்துப்போகிறது. மூச்சு வாங்குகிறது. உடம்பெல்லாம் வியர்வை ஊற்றுகிறது. மூச்சுவிட்டுக்கொள்ள ஒரு கணம் கிடைப்பதில்லை. அங்கே 'தோள் களைத்தது' என்று வருவது இந்த 'கம்னோ'தான். அடுத்துப் பதினைந்து பதினாறு வரிகள் தாண்டினால், கப்பலில் 'சோராத நெருப்பை' எறிகிறார்கள் என்று வருகிறது. ஒரே வேர்ச்சொல். தோளுக்கு உடன்பாட்டில் வருகிறது, தீக்கு எதிர்மறையில் வருகிறது. ஹெக்டர் ஈட்டிமுனையை வெட்டியதும்தான் அஜாக்ஸ் பின்வாங்கினான் என்றாலும், அவன் களைப்பை ஹோமர் அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகளை வரிகளை எண்ணிப்பார்க்கச் சொல்வேன். தாங்களே கண்டுபிடித்துத் தலை நிமிர்வார்கள். ஆசிரியர் வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அது.

சரி, மனிதர்களைச் 'சோராதவர்கள்' என்று ஹோமர் சொல்வதே இல்லையா? 'அக்மித்தெஸ்' என்று மற்றோர் உறவுச்சொல் உண்டு. அதே பதினாறாம் பாகத்தின் தொடக்கத்தில் பட்ரோக்ளஸ் அகிலிஸிடம் கெஞ்சுகிறான்: களைக்காத நாம் போனால், களைத்துக் கிடக்கிற அவர்களை எளிதாக விரட்டிவிடலாம் என்று. அங்கே 'களைக்காத' என்றால் 'இன்னும் களைக்காத' என்றுதான் பொருள். அகிலிஸின் ஆட்கள் அன்று போரில் இறங்கவே இல்லை. இறங்கினால் அவர்களுக்கும் களைக்கும். பதினைந்தாம் பாகத்தில் கப்பல்களைச் சுற்றி இரு தரப்பும் விடாமல் மோதும்போது அதே சொல் வருகிறது. 'களைப்பும் தேய்வும் அறியாதவர்கள் மோதுகிறார்கள் என்று சொல்லிவிடுவாய், அப்படி இருந்தது' என்கிறார். 'சொல்லிவிடுவாய்' என்பதைக் கவனியுங்கள். பார்ப்பவனுக்கு அப்படித் தோன்றும் என்கிறாரே தவிர, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை. இந்தக் கவனத்துக்காகவே ஹோமரை நான் நம்புகிறேன்.

அந்தக் காட்டுப்பன்றியையும் சொல்லிவிடுகிறேன். ஹெக்டர் பட்ரோக்ளஸைக் கொல்லும் இடத்தில் உவமையாக வருகிறது. மலையில் ஒரு சின்ன ஊற்றுக்காகச் சிங்கமும் 'சோராத' பன்றியும் சண்டையிடுகின்றன, இரண்டுக்கும் தாகம். கடைசியில் சிங்கம் அடித்து வீழ்த்தும்போது பன்றிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ஒரு மனிதன் இந்த அடைமொழிக்கு மிக அருகில் வருகிற இடம் அதுதான். உவமை வழியாக, சாகிற நேரத்தில்.

செத்தவர்களுக்கு ஹோமர் சொல்லும் பெயர்களில் ஒன்று 'கமோந்தெஸ்', பாடுபட்டு முடித்தவர்கள். ஒடிசியஸ் இறந்தோர் உலகுக்குப் போகும்போது, அகிலிஸின் ஆவி 'பாடுபட்டு முடித்த மனிதர்களின் நிழல்கள் வாழும் இடம் இது' என்கிறது. சிறிது நேரத்தில், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, சொந்த நிலம் இல்லாத ஏழையிடம் கூலிக்கு வேலை பார்ப்பதே மேல் என்றும் சொல்கிறது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்த வரியை வாசிப்பது லேசான காரியமில்லை.

என் மாமனார் இந்தத் தீவில் கரும்பு வெட்டியவர். அவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் 'களைப்பே தெரியாத மனுஷன்' என்றுதான் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் வெட்டுக் காலத்தில் இரவுக்கு இரவு அவர் தோளுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்த மாமியாருக்கு அது தெரியாதா? அவர் களைத்தார், ஒவ்வொரு நாளும் களைத்தார், மறுநாள் விடியுமுன் எழுந்து போனார். களைப்பே தெரியாதவர் என்று சொல்லும்போது அவர் பட்ட பாடு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. கரும்புத் தோட்ட முதலாளிகள் தங்கள் ஆட்களை அப்படி நினைக்கத்தான் விரும்பினார்கள். நாமும் அதைப் புகழாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருவோம். ஏறக்குறைய 170 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர். உங்கள் ஊரில் இரவில் புறப்பட்டு, மலையெல்லாம் ஏறி இறங்கி, சேன் தெனியில் முடிக்க வேண்டும். வழியில் அவன் களைப்பான். உட்காருவான், முடிந்தால் ஒரு மணி நேரம் தூங்குவான், எழுவான். இதற்கு ஹோமரிடம் வேறொரு சொல் இருக்கிறது: 'பொலித்லாஸ்'. பொலி என்றால் மிகுதி, த்லா என்றால் தாங்குதல். மிகவும் தாங்கியவன் என்று பொருள். அது ஒடிசியஸுக்கே உரிய அடைமொழி. தராசைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், நம் ஊர்த் துலாக்கோலில் இருக்கும் வடமொழித் 'துலா'வும் இதே வேர்தான், தூக்குவது, சுமப்பது.

ஒடிசியஸ் படகு உடைந்து இரண்டு இரவும் இரண்டு பகலும் கடலில் நீந்திக் கரை சேர்கிறான். மூச்சுமில்லாமல் பேச்சுமில்லாமல் கிடக்கிறான். கொடிய களைப்பு அவன்மேல் வந்து இறங்கியது என்கிறார் ஹோமர். அங்கே வரும் சொல் 'கமத்தோஸ்'தான். ஒடிசியின் ஆறாம் பாகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'மிகவும் தாங்கிய ஒடிசியஸ் அங்கே தூங்கினான், தூக்கத்தாலும் களைப்பாலும் ஆட்கொள்ளப்பட்டு'. தாங்கியவன் என்ற பட்டமும் களைப்பு என்ற சொல்லும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை.

கிரான் ரெய்டை முடிப்பவர்களுக்குக் கொடுக்கும் பனியனில் 'பிழைத்துவிட்டேன்' என்றுதானே பிரெஞ்சில் எழுதியிருக்கிறது? பொலித்லாஸ் அதற்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்த சொல். குழுவில் பெண்களும் இருந்தால் 'தலசிஃப்ரோன்' போடலாம். தாங்கும் மனம் உள்ளவர் என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம், அதுவும் ஒடிசியஸின் பட்டம்தான். கிரேக்க எழுத்தில் இரண்டையும் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அச்சகத்தில் ஒன்று சொல்லிவிடுங்கள்: எல்லாம் பெரிய எழுத்தில் என்றால் மேலே உள்ள அழுத்தக்குறிகள் வேண்டாம். சிறிய எழுத்தில் பொலித்லாஸ் என்று போடுவதானால் அழுத்தக்குறி கட்டாயம், கடைசி 'ஸ்' வடிவமும் வேறு. அதை மாற்றிப் போட்டுவிட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

கேள்வி: மண்ணுக்கும் களைப்பு உண்டு என்று என் தாத்தா சொல்வார். கிரேக்கர்கள் நிலத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்களா? — ஒரு கரும்பு விவசாயி, சேன் லூயி

பயன்படுத்தினார்கள் ஐயா, உங்கள் தாத்தா கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். சுமார் கி.மு. 441இல் மேடையேறிய சொஃபோக்லிஸின் அந்திகோனி நாடகத்தில், மனிதனின் ஆற்றலை வியந்து ஒரு கூட்டுப்பாட்டு வருகிறது. குளிர்காலப் புயலில் கடலைக் கடக்கிறான், பறவையையும் மீனையும் வலைபோட்டுப் பிடிக்கிறான் என்று போகும். அதில் பூமியை, தெய்வங்களுக்குள் மூத்தவள், அழியாதவள், சோராதவள் என்று அழைக்கிறார்கள். அதே மூச்சில், ஆண்டுக்கு ஆண்டு கலப்பை திரும்பித் திரும்பி உழுது அவளை மனிதன் தேய்க்கிறான் என்றும் பாடுகிறார்கள். 'தேய்க்கிறான்' என்பதற்கு அங்கே வரும் வினை, உடைகளையும் உடம்பையும் நைந்துபோகச் செய்வது போன்ற கடுமையான வினை. சோராதவளையும் சோர வைக்கிறவன் மனிதன் என்பதுதான் வியப்பு. பாட்டு புகழ்ச்சியாகத் தொடங்கினாலும் உள்ளே ஓர் அச்சம் இருக்கிறது.

கரும்பில் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை நட்டுவிட்டு மறுதாம்பு, மறுதாம்பு என்று வெட்டிக்கொண்டே போகலாம். சில ஆண்டு கழித்து விளைச்சல் இறங்கும், கட்டையைப் பிடுங்கிப் புதிதாக நட வேண்டும். அந்தக் கூட்டுப்பாட்டின் வரியை உங்களைப் போன்றவர்கள்தான் சரியாகப் படிக்க முடியும்.

கேள்வி: நெருப்பு ஏன் சோராதது? விறகு தீர்ந்தால் அணைந்துவிடுகிறதே! எங்கள் எரிமலைக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் பொருந்தும். — ஒரு மாணவி, சேன்த் ரோஸ்

நல்ல கேள்வி, மகளே. உன் ஊர்க்காரர்களுக்கு நெருப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. 1977இல் எரிமலைக் குழம்பு தேவாலய வாசல்வரை வந்து இரண்டு பக்கமும் சூழ்ந்து நின்ற ஊர் உன்னுடையது. 2007 ஏப்ரலில் குழம்பு தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்ததை நானும் வந்து பார்த்தேன். வெகுகாலம் கழித்தும் மழை பெய்தால் அந்தக் கருங்கல் பரப்பிலிருந்து ஆவி எழும். நம் பித்தோன் எரிமலையைப் பார்த்தவர்களுக்கு 'சோராத நெருப்பு' வெறும் அலங்காரமாகப் படாது.

ஆனால் ஹோமர் அதே சொல்லை அடுப்புத் தீக்கும் சொல்கிறாரே, அதைத்தான் நீ கேட்கிறாய். சோராதது என்றால் ஒருபோதும் அணையாதது என்று பொருளில்லை. எரிகிறவரை முழு வேகத்தோடு எரியும், நடுவில் இளைப்பாறாது என்று பொருள். அஜாக்ஸ் மூச்சு வாங்க நிற்பான், தீ நிற்காது. அதை நிறுத்த வேண்டுமானால் வெளியிலிருந்து ஒருவர் நிறுத்த வேண்டும். இலியத்தின் இருபத்தோராம் பாகத்தில் ஆற்றையே கொதிக்க வைக்கும்படி நெருப்புத் தெய்வம் ஹெஃபைஸ்தோஸை ஏவும் ஹீரா தேவி, 'நான் குரல் கொடுக்கும்வரை ஓயாதே, அப்போது சோராத நெருப்பை நிறுத்து' என்கிறாள்.

அணையாதது என்பதற்கு வேறு சொல் இருக்கிறது, உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். கப்பலில் சோராத நெருப்பை எறிந்த அடுத்த வரியில், 'அணைக்க முடியாத சுவாலை' பரவியது என்று வருகிறது. ஆண்பாலில் அந்தச் சொல் 'அஸ்பெஸ்தோஸ்'. பழைய வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

நீ சொன்ன விறகு விஷயமும் ஹோமருக்குத் தெரியும். களைத்துப்போன ஒடிசியஸ் சருகைக் குவித்து அதற்குள் புதைந்து தூங்குகிறான் இல்லையா? அக்கம்பக்கம் வீடில்லாத ஒதுக்குப்புறத்தில் வாழ்கிறவன், வேறெங்கும் போய்த் தீ கேட்க முடியாது என்பதால், கொள்ளியைக் கரிய சாம்பலுக்குள் மறைத்து நெருப்பின் விதையைக் காப்பாற்றிவைப்பது போல என்கிறார். சோராத நெருப்புக்கும் ஒரு சாம்பல் போர்வையும் அதைப் போர்த்திவிட ஒரு கையும் தேவைப்படுகின்றன.

குறளிலும் இதைப் பார்க்கலாம். 'குடியென்னும் குன்றா விளக்கம் மடியென்னும் மாசூர மாய்ந்து கெடும்.' குன்றா விளக்கு என்று சொல்லிவிட்டு, தூசு படிந்தால் அது மங்கி அணைந்துபோகும் என்கிறார் வள்ளுவர். குன்றாமை விளக்கின் இயல்பு, கவனிப்பு மனிதனின் வேலை.

கேள்வி: கிரேக்க 'அ'வும் 'அநீதி', 'அசுத்தம்' என்பவற்றில் வரும் 'அ'வும் ஒன்றா? தமிழில் இதற்கு இணை உண்டா? — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்கால்

ஒன்றேதான் ஐயா. கிரேக்கமும் வடமொழியும் ஒரே மொழிக்குடும்பம். எதிர்மறை முன்னொட்டை இரண்டும் பரம்பரைச் சொத்தாகப் பெற்றன. மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அந்' என்கிற விதியும் பொதுவானது. வடமொழி 'அமிர்த'மும் கிரேக்கரின் 'அம்ப்ரோத்தோஸ்' என்ற சொல்லும் ஒலியிலும் பொருளிலும் ஒத்துப்போவது பலருக்கும் தெரிந்ததே: சாவில்லாத.

தமிழ் வேறு குடும்பம், அது எதிர்மறையைச் சொல்லின் பின்பக்கத்தில் வைக்கிறது. ஓயா அலை, வாடா மலர், குன்றா விளக்கம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று நீங்களே எனக்கு விளக்குவீர்கள். ஆகவே 'அக்கமத்தோஸ்' என்பதற்கு ஒரே சொல் வேண்டுமென்றால் நான் 'ஓயா' என்று போடுவேன். 'ஓயா நெருப்பு'. 'அயரா' என்றும் போடலாம், ஆனால் அதைக் கேட்டதும் இப்போது 'அயராது உழைத்த' என்ற பாராட்டுரைதான் நினைவுக்கு வருகிறது. ஹோமரின் தீக்குப் பாராட்டு வேண்டாம்.

'கம்னோ'வுக்குத் தமிழில் நான் கண்ட நல்ல இணை 'வருந்து'. வருந்தி உழைத்தான் என்றால் பாடுபடுதல். மனம் வருந்தினான் என்றால் துன்பம். இலங்கைத் தமிழர்கள் 'அவருக்கு வருத்தம்' என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். கிரேக்க வினை நடந்த அதே வழியில் நம் சொல்லும் நடந்திருக்கிறது. 'தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் மெய்வருத்தம் என்பதைப் பாருங்கள். உடம்பு வருந்தியதற்குத்தான் கூலி. வருந்தாத உடம்பு என்று ஒன்றை வள்ளுவர் கற்பனை செய்யவில்லை.

யாப்புப் பற்றியும் ஒரு வார்த்தை, உங்களுக்குப் பிடிக்கும். ஹோமரின் அடியில் ஒரு சீர் என்பது ஒரு நெடில் ஓசையும் இரண்டு குறில் ஓசையும், அல்லது இரண்டு நெடில் ஓசை. மூன்று குறில் தொடர்ந்து வந்தால் அடிக்குள் நுழையவே முடியாது. இந்தச் சொல்லோ அ, க, ம என்று மூன்று குறிலோடு தொடங்குகிறது. என்ன செய்தார்கள்? முதல் 'அ'வை 'ஆ' என்று நீட்டிவிட்டார்கள். நம் செய்யுள் விகாரங்களில் நீட்டல் விகாரம் என்கிறோமே, அதுதான். 'ஆகம' ஒரு சீர், 'தோன் பூர்' ஒரு சீர். 'பூர்' என்றால் நெருப்பு. அடியின் கடைசி இரண்டு சீரில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது, பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. எழுத்தறியாப் பாணர்கள் தலைமுறை தலைமுறையாக வாயால் பாடிப் பாடி அடியின் ஈற்றுக்கென்று செதுக்கிவைத்த தொடர் இது. நெருப்பைத் தவிர வேறெதற்கும் ஹோமரில் அது போகாததற்கு இந்த ஓசைப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஏதென்ஸுக்குச் சுற்றுலா போனபோது ஒரு கடைக்காரர் தன் மகனை 'அக்கமாத்திஸ்' என்று திட்டினார். சோம்பேறி என்று அர்த்தமாம். சோராதவன் எப்படிச் சோம்பேறி ஆனான்? — ஒரு வாசகர், போர் லூயி

அவர் திட்டியது சரியான சொல்லால்தான். 'கமத்தோஸ்' என்பதில் உழைப்பு, களைப்பு இரண்டும் இருக்கின்றன என்றேன். பழங்கிரேக்கம் களைப்பை மறுத்தது: களைப்பு இல்லாத. பிற்காலப் பேச்சுமொழி உழைப்பை மறுத்தது: உழைப்பு இல்லாத. அப்படி வந்ததுதான் இன்றைய 'அக்கமாத்திஸ்', வேலை வெட்டியில்லாதவன். எழுத்து நடையில் பழைய சொல் இன்றும் சோராத என்ற பொருளிலேயே வாழ்கிறது. பழைய 'கம்னோ'வும் தேய்ந்து 'கானோ' ஆகி, இன்றைய கிரேக்கத்தில் 'செய்கிறேன்' என்கிற அன்றாட வினையாகிவிட்டது. சைப்ரஸில் இன்னும் 'கம்னோ' என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் உங்களிடம் படித்தவன். சூரியனுக்கு இந்தச் சொல் வரும் இடத்தை நீங்கள் வாசித்தது நினைவிருக்கிறது, இடம் நினைவில்லை. — பழைய மாணவர், சேன் தெனி

இலியத்தின் பதினெட்டாம் பாகம், தம்பி. பட்ரோக்ளஸின் உடலை மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள், எல்லாரும் பகல் முழுக்கப் போராடி ஓய்ந்திருக்கிறார்கள். அப்போது ஹீரா தேவி, சோராத சூரியனை, அவனுக்கு விருப்பமில்லாமலேயே, கடலுக்குள் போ என்று அனுப்பிவிடுகிறாள். பொழுது சாய்கிறது, கிரேக்கர்கள் போரை நிறுத்துகிறார்கள். சூரியனுக்குக் களைப்பில்லை, அவன் இன்னும் எரிந்துகொண்டிருப்பான். கீழே இருக்கிறவர்களுக்கு முடியவில்லை. அதனால் அவன்தான் போக வேண்டியிருக்கிறது. அதே பாகத்தின் பின்பகுதியில் அகிலிஸின் புதுக் கேடயத்தில் சூரியனைச் செதுக்கும்போதும் அதே அடைமொழி வருகிறது, பக்கத்தில் முழுநிலவோடு.

கேள்வி: பேரனுக்கு 'அக்கமாஸ்' என்று பெயர் வைக்க என் மருமகள் ஆசைப்படுகிறாள். வைக்கலாமா? — ஒரு பாட்டி, சேன் போல்

வைக்கலாம் அம்மா, பழைய பெயர்தான். ஏதென்ஸ் அரசன் தீசியஸின் மகன் பெயர் அக்கமாஸ். கி.மு. 508 வாக்கில் ஏதென்ஸ் மக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தபோது ஒரு குலத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்லிஸ் அந்தக் குலத்தைச் சேர்ந்தவர். சைப்ரஸின் மேற்கு முனையில் உள்ள தீபகற்பத்துக்கும் அதே பெயர்.

இலியத்தின் போர்க்களத்திலும் இந்தப் பெயரில் இரண்டு பேர் சாகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரேஸ் நாட்டு அக்கமாஸை ஆறாம் பாகத்தில் அஜாக்ஸ் கொல்கிறான். அந்தேனரின் மகன் அக்கமாஸ், நான் மேலே சொல்லிக்கொண்டிருந்த அதே பதினாறாம் பாகத்தில், தேரில் ஏறும்போது விழுகிறான். மருமகளுக்கு இது தெரிந்து, பிறகும் பெயர் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பதியும்போது பிரெஞ்சு வழக்கப்படி நடுவில் 'சே' (C) எழுத்துப் போட்டால் போதும், 'கா' (K) வேண்டாம். தமிழில் எழுதும்போது மட்டும் 'க்'கை இரட்டித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் கோயில் அர்ச்சனையில் ஐயர் 'அகமாஸ்' என்று படித்துவிடுவார்.